நலொக்சோன் மீட்புப் பொதி கொழும்பில் கிடைக்குமா? மறுவாழ்வு முடிந்து தம்பி வீடு திரும்பும் முன் அறிந்திருக்க வேண்டியவை

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஒரு சகோதரியின் கேள்விக்கு இது பதில். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அவருடைய பெரியம்மாவின் மகன், தன் பையிலிருந்து கையடக்கமான ஒரு பொதியை எடுத்துக் காட்டி, ஹெரோயின் அளவு மீறி மூச்சு நின்றுபோகிறவரை எழுப்பும் மருந்து இதில் இருக்கிறது, எங்கள் ஊர் பாமசியில் இதைக் காசில்லாமல் தருகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். சகோதரியின் தம்பி குடு (ஹெரோயின்) பழக்கத்துக்காக மறுவாழ்வு நிலையம் ஒன்றில் இருக்கிறார், அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறார். அப்படியொரு பொதி கொழும்பில் இலவசமாகக் கிடைக்குமா, பாவிக்கும் முறையை யாரிடம் கற்கலாம், வீட்டில் அப்படி ஏதும் நடந்துவிட்டால் என்ன செய்வது என்பவை அவர் கேட்டிருக்கும் மூன்று கேள்விகள். கொழும்பில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்தவள் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கான விடை உங்களுக்கு ஏமாற்றம் தரும். அந்தப் பொதியில் இருக்கும் நலொக்சோன் நம் நாட்டில் வைத்தியசாலை மருந்து. அவசர சிகிச்சைப் பிரிவிலும் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் வைத்தியரின் கைக்கெட்டும் தூரத்தில் அது இருக்கும். ரொறன்ரோவில் நடப்பதைப் போல, வீதியோரத்துப் பாமசிக்குப் போய், காரணம் சொல்லி, பயிற்சியோடு இலவசமாக வாங்கி வரும் ஏற்பாடு கொழும்பில் இல்லை. ஆனால் அந்தப் பொதியோடு சேர்த்துச் சொல்லித்தரப்படும் பயிற்சியின் பெரும்பகுதி மருந்தைப் பற்றியதே அல்ல, மூச்சைப் பற்றியது. மருந்து கையில் இல்லாதபோதும் அந்தப் பகுதி அப்படியே செல்லுபடியாகும். ஆகவே இந்தப் பதிலில் நான் அதிக இடம் கொடுக்கப்போவதும் அதற்குத்தான்.

அதற்கு முன், உங்கள் கேள்வியில் என்னை உடனே நிறுத்திய வரி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். "அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறார்" என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த மகிழ்ச்சி முற்றிலும் நியாயமானது. ஆயினும் அளவு மீறிய மரணம் மிக நெருங்கி வரும் காலம், சிறையிலிருந்தோ மறுவாழ்வு நிலையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் சில வாரங்கள்தான் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். நாள்தோறும் பாவித்த காலத்தில் உடல் அந்த அளவைத் தாங்கப் பழகியிருந்தது. சில மாதங்கள் தொடாமல் இருந்தபோது அந்தத் தாங்கும் வலு போய்விட்டது. மனம் தளர்ந்த ஒரு மாலையில், பழைய கூட்டாளி கொடுத்ததைப் பழைய அளவிலேயே எடுத்தால், முன்பு போதையை மட்டும் தந்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். இதில் தம்பியின் மனவுறுதியைச் சந்தேகிப்பதற்கு ஒன்றுமில்லை. உடல் வேலை செய்யும் முறை அப்படி.

ஊசி போடுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து, புகைப்பவர்களுக்கு இல்லை என்ற நம்பிக்கை கொழும்பில் ஆழமாக இருக்கிறது. இங்கே பெரும்பாலோர் ஹெரோயினை வெள்ளித்தாளில் வைத்துக் கீழே சூடுகாட்டிப் புகையை இழுக்கிறார்கள். ஊசியோடு ஒப்பிட்டால் அதில் ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் அதோடு சாராயமோ, நித்திரைக் குளிசையோ, இப்போது இளைஞர்கள் கையில் அதிகம் புழங்கும் பிரிகபலின் குளிசையோ சேர்ந்தால் அந்த வேறுபாடு கரைந்துபோகிறது. ஒவ்வொன்றும் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தும். எல்லாம் கூடும்போது யாரும் எதிர்பாராத இடத்தில் அது நின்றுபோகும்.

மருந்து செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெரோயின், மோர்பின், மெதடோன், ட்ரமடோல், ஃபென்டனில் ஆகிய எல்லாமே மூளையில் ஒரே வகை ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு வேலை செய்பவை. மூச்சை ஓட்டிக்கொண்டிருக்கும் மூளைத்தண்டிலும் அதே ஏற்பிகள் இருப்பதால், அளவு கூடும்போது உடல் மூச்சுவிட மறந்துபோகிறது. நலொக்சோன் அந்த ஏற்பிகளில் இன்னும் இறுக்கமாக ஒட்டி, முன்பிருந்ததைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் சும்மா உட்கார்ந்துகொள்கிறது. போதை தராது, பழக்கம் ஆகாது, உடலில் இந்த வகைப் பொருள் இல்லாதவருக்குக் கொடுத்தாலும் தீங்கு செய்யாது. ஐஸ் எனப்படும் மெதம்பெட்டமினுக்கும், சாராயத்துக்கும், பிரிகபலினுக்கும் இது முறிமருந்து அல்ல. ஆனாலும் ஒருவர் என்ன எடுத்தார் என்று தெரியாமல் மூச்சு மங்கிக் கிடந்தால் தயங்காமல் கொடுக்கலாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லெவன்ஸ்டைன் என்ற இருவர் 1961 இல் இதற்குக் காப்புரிமை கோரினார்கள். 1971 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1983 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. ஃபிஷ்மனின் மனைவியின் மகன் 2003 இல் ஹெரோயின் அளவு மீறி இறந்துபோனார் என்பதை முதன்முதலில் வாசித்தபோது நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. மருந்து உலகத்தில் இருப்பது வேறு, அந்த நிமிடத்தில் அந்த அறையில் இருப்பது வேறு.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு போயா நாள் இரவில், இருபத்திரண்டு வயதிருக்கும் ஒரு பையனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உதடு சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. எங்களால் முடிந்ததெல்லாம் செய்தோம், அவன் திரும்பவில்லை. அவனுடைய அம்மா சுவரோரம் உட்கார்ந்துகொண்டு என்னிடம் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஒன்பது மணிக்கும் போய்ப் பார்த்தேன் மிஸ், நல்லா குறட்டை விட்டு நித்திரை கொண்டான், பாவம் என்று ஃபேனைக் கூட்டிவிட்டு வந்தேன்." அது நித்திரைக் குறட்டை அல்ல. தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, அடைபட்ட வழியால் காற்று போராடி நுழையும் சத்தம் அது. அந்த வேறுபாட்டை அவருக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் உங்களுக்கு முதலில் சொல்கிறேன்: வழக்கத்துக்கு மாறான, நீர் கொதிப்பதுபோன்ற, இடைவெளி விட்டு விட்டு வரும் குறட்டை கேட்டால் அவரை நித்திரை கொள்ள விடாதீர்கள், எழுப்பிப் பாருங்கள்.

எழுப்புவது என்றால் பெயர் சொல்லி உரக்கக் கூப்பிட்டு, தோளை உலுக்கி, அதற்கும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடு எலும்பின்மேல் விரல் முட்டிகளை வைத்து அழுத்தித் தேய்ப்பது. சாதாரண நித்திரையில் இருக்கும் எவரும் அந்த நோவைத் தாங்கிக்கொண்டு படுத்திருக்க மாட்டார். பதில் இல்லையென்றால் மூச்சைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் பத்துத் தடவைக்கும் குறைவாக நெஞ்சு எழுந்தால் அது ஆபத்து. கண்ணிமையைத் தூக்கினால் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். புத்தகங்களில் உதடு நீலமாகும் என்று எழுதியிருப்பார்கள். நம்மவர்களின் தோல் நிறத்தில் அந்த நீலம் சட்டென்று பிடிபடாது, உதட்டின் உட்புறத்தையும் நகங்களையும் உள்ளங்கையையும் வெளிச்சத்தில் பாருங்கள், சாம்பல் பூசியதுபோல் இருக்கும்.

அடுத்த நொடியில் 1990 ஐ அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். "ஆள் எழும்பவில்லை, மூச்சு சரியாக இல்லை" என்ற இரண்டையும் முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். உங்கள் பகுதியில் தோட்ட வீடுகளுக்குள், அந்த ஒடுங்கிய சந்துகளுக்குள், வண்டி வர முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகையால் வீட்டிலுள்ள ஒருவரையோ அயல் பிள்ளையையோ பிரதான வீதி முனைக்கு ஓடச் சொல்லி, அங்கே நின்று வண்டியை மறிக்கச் சொல்லுங்கள். இலக்கம் தேடிச் சந்து சந்தாக அலையும் மூன்று நிமிடங்கள் மூளைக்குப் பெரிய காலம். காற்று முற்றாக நின்ற மூளை நான்கு, ஐந்து நிமிடங்களுக்குள் அழியத் தொடங்குகிறது.

அழைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். இங்கேதான் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இருக்கிறது. அவரை மல்லாக்கக் கிடத்தி, வாய்க்குள் ஏதும் இருந்தால் எடுத்துவிட்டு, ஒரு கையால் நெற்றியை அழுத்தி மறு கையால் நாடியை (மோவாயை) மேலே தூக்குங்கள். அப்படித் தூக்கும்போதே சரிந்த நாக்கு விலகி, சிலருக்கு மூச்சு தானாகத் திரும்பும். திரும்பாவிட்டால் மூக்கைப் பொத்தி, உங்கள் வாயால் அவர் வாயை முழுதாக மூடி, நெஞ்சு எழும் அளவுக்கு ஊதுங்கள். ஐந்து நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஊதிக்கொண்டே இருங்கள். மூச்சின் அசைவே இல்லை, உயிர்க்குறி எதுவும் தெரியவில்லை என்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு ஊதல் என்று செய்ய வேண்டும். மாரடைப்பில் இதயம் முதலில் நிற்கிறது. இதில் மூச்சு முதலில் நிற்கிறது, இதயம் காற்றில்லாமல் பின்னால் நிற்கிறது. அதனால்தான் ஊதுதலுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். நலொக்சோன் கையில் இருக்கும் நாடுகளிலும் மருந்து வேலை செய்யத் தொடங்கும் வரையான அந்த இரண்டு, மூன்று நிமிடங்களை ஊதுதல்தான் கடத்தித் தருகிறது.

செய்யக்கூடாதவையும் உண்டு. தலையில் தண்ணீர் ஊற்றுவது, தேசிக்காய்ப் புளியோ தயிரோ வாயில் விடுவது, தொண்டைக்குள் விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, இரண்டு பேர் தோளில் தாங்கி நடக்க வைப்பது ஆகிய எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். விழுங்கும் உணர்வு இல்லாதவரின் வாயில் விடும் எதுவும் நுரையீரலுக்குத்தான் போகும். மூச்சு ஓரளவு சீராக இருந்து, எழும்பாமல் மட்டும் கிடந்தால், மேலே இருக்கும் முழங்காலை மடித்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாந்தி வந்தாலும் வெளியே போய்விடும். அவரைத் தனியே விட்டு ஒரு நிமிடமும் நகராதீர்கள்.

மருந்து கையில் இருந்தால், பெரியம்மாவின் மகன் காட்டியது மூக்குத் தெளிப்பு என்றே வைத்துக்கொள்வோம். தலையைப் பின்னால் சாய்த்து, குழாயின் முனையை ஒரு மூக்குத் துவாரத்தில் முழுதாக நுழைத்து, கீழுள்ள குமிழை ஒரே தடவையில் அழுத்த வேண்டும். ஒரு குழாயில் ஒரே ஒரு தெளிப்புத்தான் இருக்கிறது. வேலை செய்கிறதா என்று காற்றில் அழுத்திப் பார்த்தால் அது வீணாகிவிடும். இரண்டு, மூன்று நிமிடங்களில் மாற்றம் இல்லாவிட்டால் இரண்டாவது குழாயை மற்றத் துவாரத்தில் பாவிக்க வேண்டும். ஊசி வகை என்றால் 0.4 மில்லிகிராம் கொண்ட சிறு குப்பியை உறிஞ்சி, தொடையின் வெளிப்பக்கத் தசையிலோ மேற்கைத் தசையிலோ ஏற்றுவார்கள். உடுப்பின் மேலாகவும் ஏற்றலாம்.

அதற்குப் பிறகு நடப்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. எழுந்தவர் நன்றி சொல்ல மாட்டார். குளிர், வயிற்றுப்புரட்டல், உடல் நோவு எல்லாம் ஒன்றாக வந்து, கோபத்தோடு எழுந்து போகப் பார்ப்பார். "யார் என்னை எழுப்பச் சொன்னது" என்று எங்கள் பிரிவில் கத்திவிட்டு வெளியேறிய ஒருவரை, ஒரு மணித்தியாலத்துக்குள் அவருடைய தகப்பனார் பஸ் தரிப்பிடத்திலிருந்து மீண்டும் தூக்கிவந்தார். நலொக்சோனின் வேலை முப்பது முதல் தொண்ணூறு நிமிடங்களில் வடிந்துவிடும். உள்ளே இருக்கும் போதைப்பொருள் அதற்குப் பின்னும் நீடித்தால், மூச்சு இரண்டாம் தடவையும் தாழும். ஆகவே எழுந்துவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும். அவர் மறுத்தால் குறைந்தது இரண்டு மணித்தியாலங்களாவது பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள், மீண்டும் எடுக்க விடாதீர்கள்.

வெளிநாடுகளில் இந்தப் பொதி எப்படி மக்கள் கைக்கு வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது அரசாங்கம் தானாக நீட்டியது அல்ல. 1996 இல் சிக்காகோவில் போதைப்பொருள் பாவிப்போருடன் வேலை செய்த ஒரு சிறு அமைப்பு அவர்கள் கையிலேயே நலொக்சோனைக் கொடுக்கத் தொடங்கியது. பக்கத்தில் இருக்கிறவர்தான் காப்பாற்ற முடியும், பக்கத்தில் இருக்கிறவர் பெரும்பாலும் இன்னொரு பாவனையாளர் அல்லது வீட்டார் என்ற எளிய அறிவு அதன் பின்னால் இருந்தது. ஸ்கொட்லாந்து 2011 இல் நாடு தழுவிய திட்டமாக்கி, சிறையிலிருந்து விடுதலையாகும்போதே பொதியைக் கையில் கொடுத்தது. அங்கே 2006 முதல் 2010 வரை, இவ்வகை மரணங்களில் 9.8 சதவீதம் விடுதலையான நான்கு வாரங்களுக்குள் நிகழ்ந்தவை. திட்டத்தின் முதல் மூன்று ஆண்டுகளில் அது 6.3 சதவீதமாகக் குறைந்தது. 2014 இல் உலக சுகாதார நிறுவனம், அளவு மீறலைக் காணக்கூடிய எவரும் நலொக்சோனைப் பெறவும் அதைக் கொடுக்கக் கற்கவும் வழி இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ரொறன்ரோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பாமசிகள் 2016 முதல் இலவசமாக வழங்குகின்றன. அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் நாடெங்கும் இலவசம். இது செல்வந்த நாடுகளுக்கு மட்டுமே முடியும் என்று நினைக்க வேண்டாம், கசகஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உக்ரைன் ஆகிய நாடுகளிலும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் திட்டமொன்று ஆயிரக்கணக்கானோருக்குப் பயிற்சியும் மருந்தும் கொடுத்திருக்கிறது.

கொழும்பில் இதை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், பாமசியிலிருந்து அல்ல, விடுதலை வாசலிலிருந்து என்றே சொல்வேன். மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் சிறையிலிருந்தும் ஒருவரை அழைத்துப் போக வரும் தாய்க்கோ சகோதரிக்கோ அரைமணி நேரம் ஒதுக்கி, இந்த முறையைச் செய்துகாட்டி, ஒரு பொதியைக் கையில் கொடுத்து அனுப்பலாம். காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துபோன பழைய மருந்து இது. மருந்தைக் கொடுத்தால் துணிந்து பாவிப்பார்கள் என்று சொல்வோருக்கு, நலொக்சோன் தரும் வேதனையை ஒரு தடவை அனுபவித்த எவரையும் கேட்டுப் பார்க்கும்படி சொல்கிறேன். தம்பி இருக்கும் நிலையத்தின் பொறுப்பாளரிடமும், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையிடமும் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். குடும்பத்தாரின் கடிதத்துக்கு, எங்களைப் போன்ற உத்தியோகத்தரின் பேச்சுக்கு இல்லாத எடை உண்டு.

பொலிஸ் பயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. கனடாவில் 2017 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, அளவு மீறலுக்கு உதவி கோரி அழைப்பவரும் அங்கே இருப்பவரும் வெறுமனே போதைப்பொருள் வைத்திருந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்படமாட்டார்கள் என்று உறுதி கொடுத்தார்கள். நம்மிடம் அப்படித் தனிச் சட்டம் இல்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில், வாசல் காவலர் ஒருவர் பொலிசுக்குச் சொன்னீர்களா, அடையாள அட்டை எங்கே என்று தகப்பனைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, பையன் ஆட்டோவின் பின்னிருக்கையில் மூச்சில்லாமல் கிடந்தான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆயினும் அந்தப் பயத்துக்காக அழைப்பைத் தாமதிக்காதீர்கள். வழக்கை வழக்கறிஞர் மூலம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு, இலங்கை செஞ்சிலுவைச் சங்கமும் சென். ஜோன் அம்பியூலன்ஸ் அமைப்பும் முதலுதவி வகுப்புகள் நடத்துகின்றன. ஊதுதலையும் நெஞ்சை அழுத்துவதையும் வாசித்துப் பழக முடியாது, பொம்மையின் மேல் கை வைத்துப் பழக வேண்டும். உங்கள் கோயிலிலோ தேவாலயத்திலோ பத்து, பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு தமிழில் நடத்தித் தரும்படி குழுவாகக் கேளுங்கள், தரிப்பிடத்து ஆட்டோ சாரதிகள் இரண்டு பேரையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். தம்பியின் தொடர் சிகிச்சை பற்றிப் பேச, மேலே சொன்ன கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. சுமித்திரயோ அமைப்பின் மெல் மெதுர என்ற போதைப் பாவனை ஆலோசனை நிலையமும் குடும்பத்தாருக்கு ஆலோசனை தருகிறது.

பெரியம்மாவின் மகன் அடுத்த தடவை வரும்போது ஒரு பொதி கொண்டுவர விரும்பினால், மருந்தின் பெயர் எழுதிய மூலப் பெட்டியோடும் பாமசி கொடுத்த தாளோடும் கொண்டுவந்து, கேட்டால் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள். நலொக்சோன் போதைப்பொருள் அல்ல, சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களிலும் அது இல்லை. வந்த பிறகு அதைத் தகரக் கூரைக்கு அடியிலோ ஆட்டோவின் முன்பெட்டியிலோ வைக்காதீர்கள். 25 பாகைக்குக் கீழே வைக்க வேண்டிய பொருள் அது, நம் வெயிலுக்கு வீட்டின் மிகக் குளிர்ந்த, வெளிச்சம் படாத மூலையே பொருத்தம், உறைய மட்டும் விடக்கூடாது. காலாவதித் திகதி தாண்டிவிட்டால் புதியதைத் தேடுங்கள். ஆனால் அந்த நேரத்தில் கையில் இருப்பது அது ஒன்றுதான் என்றால் அதையே பாவியுங்கள்.

கடைசியாக, இவற்றையெல்லாம் தம்பிக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அவர் வந்த முதல் கிழமையிலேயே உட்கார்த்தி, உன்னை நம்பாமல் அல்ல, உன் உடல் பழைய அளவைத் தாங்காது என்பதால் சொல்கிறோம் என்று விளக்குங்கள். தவறி ஒருநாள் எடுக்க நேர்ந்தாலும் தனியாக இருக்காதே, சாராயத்தோடு சேர்க்காதே, எனக்குச் சொல், நான் ஏச மாட்டேன் என்று வாக்குக் கொடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். எங்களிடம் மிகவும் பிந்தி வந்தவர்களில் பலர் பூட்டிய அறைக்குள்ளோ குளியலறைக்குள்ளோ கிடந்தவர்கள், கதவை உடைத்து முடியும்போதே காலம் போய்விட்டிருந்தது. அறைக் கதவினதும் குளியலறைக் கதவினதும் உள்தாழ்ப்பாள்களை, காரணத்தைச் சொல்லி, அவருடைய சம்மதத்தோடு கழற்றிவிடுங்கள்.